நாய்க்கு ஓயாத வயிற்றுப்போக்கு: டானிக், புரோபயாடிக், என்சைம் பவுடர்... எது வேலை செய்யும், எது வெறும் செலவு?

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகள் இருக்கும் பக்கம் வெள்ளை மண்ணுக்குப் பஞ்சமில்லை. கூழாகக் கரைத்த களிமண், வெயிலில் காயும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகள், சூளைக்குப் போகக் காத்திருக்கும் அகல் விளக்குகளும் பொம்மைகளும். அந்த மண்ணில் ஒரு நாய் வாய் வைத்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "நாய்னா மண்ணை நக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் அதே நாய்க்கு ஒரு மாதமாக இளகலாகப் போகிறது, தட்டு நிறையச் சாப்பிட்டும் விலா எலும்பு தெரிய இளைக்கிறது என்றால் மண்ணை நக்குவதும் ஒரு தடயம்தான். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தரை, சுவர் என்று எதையாவது ஓயாமல் நக்கிக்கொண்டிருந்த 19 நாய்களைப் பரிசோதித்ததில் 14 நாய்களுக்குக் குடலிலோ இரைப்பையிலோ கோளாறு இருந்தது. கெட்ட பழக்கம் என்று அதட்டி அடக்கிய பலதும் வயிற்று வலியின் வெளிப்பாடாக இருந்திருக்கலாம்.

இந்த நிலையில் வீட்டுக்காரர்கள் பொதுவாக முதலில் செய்வது, கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்குவது. லிவர் டானிக், மல்டிவைட்டமின், "டைஜஸ்டிவ்" என்று எழுதிய பவுடர், புரோபயாடிக் சாஷே. ஒன்று சரிவரவில்லை என்றால் அடுத்தது. மூன்று மாதத்தில் அலமாரி நிறைந்துவிடும், நாய் மட்டும் அப்படியே இருக்கும்.

சப்ளிமென்ட் எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. சில நாய்களுக்கு ஒரு குறிப்பிட்ட பவுடர்தான் உயிர். இன்னும் சில நாய்களுக்கு அதே பவுடர் தவிட்டுக்குச் சமம். எந்த நாய்க்கு எது என்பதுதான் கேள்வி.

எப்போது 'நாள்பட்ட' கோளாறு?

ஒரு நாள் வயித்தால போய், மறுநாள் சரியாகிவிட்டால் அது குப்பைத்தொட்டியைக் கிளறிய பலன். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ வயிற்றுப்போக்கு, வாந்தி, எடை குறைதல் இருந்தால்தான் கால்நடை மருத்துவர்கள் அதை நாள்பட்ட குடல் நோய் என்ற கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கிலும் முதலில் கழிக்க வேண்டியது புழுக்கள். நம்மூர் வெயிலுக்கும் ஈர மண்ணுக்கும் கொக்கிப்புழு எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியும் உண்டு, சாதாரணப் பூச்சி மருந்து எல்லாவற்றுக்கும் அது அடங்காது. மலப் பரிசோதனை செய்யாமல் புரோபயாடிக் கொடுப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

அடுத்து, வீட்டில் இருப்பவர்களே கவனித்துச் சொல்லக்கூடிய ஒரு விஷயம். கோளாறு சிறுகுடலிலா, பெருங்குடலிலா?

சிறுகுடல் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைதான் போகும், ஆனால் ஒவ்வொரு முறையும் குவியலாகப் போகும். எடை குறையும், ரோமம் மங்கிப்போகும். பெருங்குடல் என்றால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கி. சளி இருக்கும், சில சமயம் கடைசியில் ஒரு சொட்டு ரத்தமும் இருக்கும். ஆனால் எடை அவ்வளவாகக் குறையாது. டாக்டரிடம் "லூஸ் மோஷன்" என்று மட்டும் சொல்லாமல் இந்த வித்தியாசத்தைச் சொன்னால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதல் மருந்து தட்டில்தான்

குடல் நோய் என்று வரும் நாய்களில் பாதிக்கு மேல், சாப்பாட்டை மாற்றினாலே தேறிவிடுகின்றன. மருத்துவர்கள் இதை 'உணவுக்குக் கட்டுப்படும்' வகை என்கிறார்கள். இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் கொடுப்பது, அல்லது புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவத் தீவனத்தைக் கொடுப்பது, இவைதான் வழி. சரிவரும் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

சொல்வது சுலபம். நம் வீடுகளில் நாய்க்குக் காலையில் பால், மதியம் கோழி சாதம், சாயங்காலம் டீக்கடைப் பொறை, நடுவில் பாட்டி தூக்கிப் போடும் தோசைத் துண்டு. சோதனைக் காலத்தில் இதில் ஒன்று உள்ளே போனாலும் கணக்கு கெட்டுவிடும்.

பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. கடையில் விற்கும் சப்ளிமென்ட் பலவற்றில் நாய் விரும்பிச் சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கோழி அல்லது ஈரல் சுவை சேர்த்திருப்பார்கள். கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு மீன் சாதம் கொடுத்துவிட்டு, கூடவே கோழிச் சுவை டானிக்கும் ஊற்றினால்? சாப்பாட்டை மாற்றியும் பலனில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். வயிற்றைச் சரிசெய்ய வாங்கிய டப்பாவே சோதனையைக் கெடுத்திருக்கும்.

பசி அடங்காத ஜெர்மன் ஷெப்பர்ட்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்ட். ஒரு வேளைக்கு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறது. ஆனாலும் எலும்பும் தோலுமாக இருக்கிறது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, மலைபோல் குவிகிறது. பசி தாங்காமல் தன் மலத்தையே தின்கிறது. பார்க்கிறவர்கள், "என்னங்க, நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் அவமானத்தில் இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் போடுகிறார். நாய் இன்னும் இளைக்கிறது.

கணையம் வேலை நிறுத்தம் செய்துவிட்டதன் அடையாளம் இது. கொழுப்பையும் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்களைச் சுரப்பது கணையம். அதன் திறனில் 90 சதவீதம் அளவுக்குப் போன பிறகுதான் வெளியில் அறிகுறியே தெரியும். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் பரம்பரையாக, இளம் வயதிலேயே இது அதிகம் வருகிறது. சாப்பாடு உள்ளே போகிறது, செரிக்காமலேயே வெளியே வருகிறது. நிறைந்த தட்டின் முன்னால் நாய் பட்டினியில் சாகிறது என்றால் மிகையில்லை.

டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை இதைக் கண்டுபிடித்துவிடும். ஒரு லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் கணையக் குறைபாடு உறுதி. நாய்க்கென்றே உள்ள பரிசோதனை என்பதால் எல்லா ஊர் லேபிலும் கிடைக்காது, நாயைப் பட்டினி போட்ட பிறகு ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

இங்கேதான் சப்ளிமென்ட் உண்மையிலேயே மருந்தாகிறது. பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த என்சைம் பவுடரை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலந்து, ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். ஒரு வேளை விட்டால் அந்த வேளைச் சாப்பாடு வீண். மனிதர்களுக்கான கணைய என்சைம் மாத்திரைகள் மெடிக்கலில் கிடைக்கும். ஆனால் அவற்றில் பலவும் இரைப்பையில் கரையாமல் இருக்க உறை போட்டவை, நாய்களுக்கு வெறும் பவுடர் அளவுக்கு அவை பலன் தருவதில்லை என்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். பவுடர் கிடைக்காத இடங்களில் கசாப்புக் கடையிலிருந்து பச்சைக் கணையத்தை வாங்கி, உறைய வைத்து, துண்டு துண்டாகக் கொடுக்கும் முறையும் உண்டு. வேகவைத்தால் என்சைம் செத்துவிடும், பச்சையாகக் கொடுத்தால் கிருமி பயம். அதனால் இதை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பவுடர் அதிகமானால் வாயில் புண், ரத்தக் கசிவு வரலாம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தில் 178 நாய்களை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், சிகிச்சை எடுத்தவற்றில் சுமார் 60 சதவீதம் நன்றாகத் தேறின. முதல் சில மாதங்களைத் தாண்டிவிட்டால் பல ஆண்டுகள் வாழ்கின்றன. ஆனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு நாயை முதல் ஆண்டுக்குள் கருணைக்கொலை செய்திருக்கிறார்கள். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, செலவு, பொறுமையிழப்பு என எந்தக் காரணமாக இருந்தாலும், தவறான டானிக்கில் கழிந்த மாதங்கள் நாயின் கணக்கில்தான் சேர்கின்றன.

பி12: சின்ன மாத்திரை, பெரிய வேலை

அதே 178 நாய் ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பி12 அளவு பார்த்த நாய்களில் ஐந்தில் நான்குக்குக் குறைவாக இருந்தது. அது மிகவும் குறைந்திருந்த நாய்களின் ஆயுளும் குறைவு.

ஏன் அப்படி? சாப்பாட்டில் இருக்கும் பி12ஐக் குடல் உறிஞ்ச ஒரு துணைப் புரதம் தேவை. மனிதர்களுக்கு அதை இரைப்பை சுரக்கிறது. நாய்களுக்குப் பெரும்பாலும் கணையம்தான் சுரக்கிறது. கணையம் கெட்டால் பி12 போச்சு. உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அங்கே வீக்கம் இருந்தாலும் போச்சு. பி12 இல்லாமல் குடல் சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. அதனால் மற்ற மருந்துகளும் சரியாக வேலை செய்யாது. சுற்றிச் சுற்றி அதே இடம்.

முன்பெல்லாம் இதற்கு வாராவாரம் ஊசிதான். 2016இல் பின்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 51 நாய்களின் பதிவுகளைப் பார்த்தபோது, தினமும் வாய்வழி மாத்திரை கொடுத்தாலே ரத்தத்தில் பி12 அளவு சரியானது தெரிந்தது. நாயின் எடையைப் பொறுத்து 0.25 முதல் 1 மில்லிகிராம் வரை கொடுத்திருந்தார்கள். ஊசிக்குப் பயந்து மேசைக்கு அடியில் ஒளியும் நாய்களுக்கும், அதை இழுத்துக்கொண்டு போகும் வீட்டுக்காரர்களுக்கும் நல்ல செய்தி.

கவனிக்க வேண்டியது: அது மில்லிகிராம். வீட்டில் கிடக்கும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை பலவற்றில் பி12 இருப்பது சில மைக்ரோகிராம்தான். "அதுலயும் பி12 இருக்கே" என்று அதைக் கொடுத்துப் பயனில்லை.

புரோபயாடிக்கும் தயிர்ச் சாதமும்

விளம்பரம் அதிகம், சான்று நடுத்தரம். இத்தாலியில் 2014இல் குடல் அழற்சி இருந்த 20 நாய்களில் பத்துக்குப் பல வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக், பத்துக்கு ஸ்டீராய்டும் மெட்ரோனிடசோலும் 60 நாள் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் முன்னேற்றம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதுவுமே கொடுக்காத குழு ஒன்று ஒப்பிட இல்லை. மறுபக்கம், உணவு மாற்றத்தோடு சேர்த்து என்டரோகாக்கஸ் பீசியம் என்ற பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் சிறிய பிரிட்டிஷ் ஆய்வில், புரோபயாடிக்கால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. சாப்பாடே வேலையை முடித்துவிட்டது.

ஆக, எந்த பாக்டீரியா, எத்தனை கோடி, எத்தனை நாள் என்பதைப் பொறுத்த விஷயம் இது. டப்பாவில் எழுதியிருப்பதை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. கனடாவில் 2011இல் விலங்குகளுக்கான 25 புரோபயாடிக் தயாரிப்புகளைச் சோதித்ததில், விவரங்களைச் சரியாக எழுதி, எழுதிய அளவு பாக்டீரியாவும் இருந்தவை இரண்டே இரண்டு. மருந்துக்கு இருக்கும் கெடுபிடி சப்ளிமென்ட்டுக்குப் பல நாடுகளில் கிடையாது.

தயிர்? நல்லாயிருக்கிற நாய்க்குத் தயிர்ச் சாதம் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். பால் புரதமே ஒத்துக்கொள்ளாத நாய்க்குத் தயிர் நோயைக் கூட்டும். கல்யாண வீட்டு பகாளாபாத்தை மட்டும் மறந்தும் போடக் கூடாது. அதிலுள்ள திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம்.

இசப்கோல், பரங்கிக்காய்: மலிவான நண்பர்கள்

பெருங்குடல் வகைக்கு, அதாவது முக்கி முக்கிச் சளியோடு போகிற நாய்க்கு, நார்ச்சத்து நன்றாகவே உதவுகிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பில், காரணம் கண்டுபிடிக்க முடியாத பெருங்குடல் வயிற்றுப்போக்கு இருந்த 37 நாய்களுக்கு எளிதில் செரிக்கும் உணவோடு இசப்கோல் உமியும் சேர்த்தார்கள். பெரும்பாலானவை நன்றாகத் தேறின. உலகத்துக்கே இசப்கோல் அனுப்புவது இந்தியாதான், குஜராத்தில் அதிகம் விளைகிறது. நம்மூர் மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

தண்ணீரில் ஊறவைத்துத்தான் சாப்பாட்டில் கலக்க வேண்டும். வெறும் உமியாகக் கொடுத்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளலாம். வேகவைத்து மசித்த பரங்கிக்காயும் இதே வேலையைக் கொஞ்சம் மென்மையாகச் செய்யும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். மேலே சொன்ன கணைய நோய் நாய்க்கு மட்டும் நார்ச்சத்தைக் கூட்டக் கூடாது. என்சைம் செய்யும் கொஞ்ச நஞ்ச வேலையையும் அது கெடுக்கும்.

களிமண்ணே மருந்து என்கிறார்களே?

விருத்தாசலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பீங்கானுக்கு அடிப்படையான வெள்ளைக் களிமண்ணின் பெயர் கயோலின். சீனாவின் ஜிங்டெசென் பக்கத்தில் உள்ள காவ்லிங் என்ற குன்றின் பெயரிலிருந்து வந்தது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே உள்ள மண்ணைத் தோண்டும்போதும் வெள்ளைக் களிமண் வெளிவருகிறது.

இதே கயோலினைப் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டினோடு சேர்த்து மனிதர்களுக்கும் நாய்களுக்கும் வயிற்றுப்போக்கு மருந்தாகப் பல்லாண்டு கொடுத்திருக்கிறார்கள். இன்றும் வெளிநாடுகளில் நாய்களுக்கான பேஸ்ட்களில் அது இருக்கிறது. மலம் கெட்டியாகத் தெரியும். ஆனால் குடலில் நடக்கும் நோயை அது தொடுவதில்லை. நீர்ச்சத்து இழப்பும் பெரிதாகக் குறைவதில்லை. கூடவே கொடுக்கும் மற்ற மருந்துகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரிரு நாள் கோளாறுக்குச் சரி, மூன்று வாரத்துக்கு மேற்பட்ட கோளாறுக்கு இது திரை போடுகிற வேலைதான்.

அமெரிக்காவில் இதே பெயரைத் தழுவி வந்த கயோபெக்டேட் மருந்தில் இப்போது கயோலினே இல்லை. அதற்குப் பதில் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்மத் சாலிசிலேட். ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்கு இது வயிற்றில் புண் உண்டாக்கலாம். மலத்தைக் கறுப்பாக்குவதால் உள்ளே ரத்தம் கசிவதும் தெரியாமல் போகும்.

மருந்துக் கயோலின் வேறு, பட்டறை மண் வேறு என்பது முக்கியம். பட்டறைக் கூழில் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் தூள், கலவை இளகி ஓடுவதற்காகச் சேர்க்கும் சோடியம் சிலிக்கேட் எல்லாம் இருக்கும். மேல்பூச்சுக் கலவைகளில் உலோகச் சேர்மங்கள் இருக்கலாம். அச்சுக்கான பிளாஸ்டர் பவுடர் ஈரம் பட்டால் கல்லாக இறுகும், வயிற்றுக்குள்ளும் அதேதான். நாய் இருக்கிற பட்டறையில் கூழ்த் தொட்டியையும் பிளாஸ்டர் மூட்டையையும் மூடி வைப்பது எந்தச் சப்ளிமென்ட்டையும்விட மலிவு.

மருந்துப் பெட்டியில் தொடக் கூடாதவை

மனிதர்களுக்கான லோபரமைடு மாத்திரை கோலி இன நாய்களில் பலவற்றுக்கு மூளை வரை போய்ப் பாதிக்கும், அது ஒரு மரபணுக் குறை. சர்க்கரை இல்லாத சிரப், சப்பும் மாத்திரைகளில் இருக்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென இறக்கும். "எலும்புக்கு நல்லது" என்று 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷேயைச் சிறிய நாய்க்குக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் எகிறிச் சிறுநீரகம் கெடும்.

மெட்ரோனிடசோலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். "போன தடவை டாக்டர் எழுதினதுதான்" என்று அதையே திரும்பத் திரும்ப வாங்குவது வழக்கம். ஆரோக்கியமான நாய்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகும் சில நாய்களின் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு கையால் அதைக் கொடுத்துவிட்டு மறுகையால் புரோபயாடிக் வாங்குவது விநோதமான செலவு.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

முதலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவமனை. மலப் பரிசோதனை, ரத்தத்தில் அல்புமின் அளவு இரண்டும் அங்கேயே முடிவாகிவிட்டால் நல்லது. அல்புமின் குறைவாக இருந்தால் குடல் வழியாகப் புரதம் ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும், அது வீட்டு வைத்தியத்துக்கான கட்டம் இல்லை. வயிறு உப்பி நீர் கோத்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலும் அப்படித்தான்.

எண்டோஸ்கோப்பி, திசுப் பரிசோதனை என்ற கட்டம் வந்தால் கால்நடை மருத்துவக் கல்லூரிதான் கதி. விருத்தாசலத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி ஒரு பக்கம், சேலம் ரயில் பாதையில் தலைவாசல் மறுபக்கம், இரண்டும் இல்லையென்றால் 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி. போகும் முன் எந்த நாளில் எந்தப் பரிசோதனை செய்கிறார்கள் என்று போனில் கேட்டுக்கொள்வது அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கையில் கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. மலத்தின் போட்டோ (கூச்சப்பட வேண்டாம், டாக்டர்கள் கேட்பதே அதைத்தான்), கடந்த ஒரு மாதம் நாய் வாயில் போனவற்றின் பட்டியல், பொறையும் தோசையும் உட்பட. அலமாரியில் உள்ள எல்லா டப்பாக்களும். பிறகு வாராவார எடை. நாய் எடை மெஷினில் நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நின்று, பிறகு நாம் மட்டும் நின்று, கழித்தால் போதும்.

டாக்டர் ஏதாவது சப்ளிமென்ட் எழுதினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். தொடங்கிய தேதியை டப்பாவிலேயே எழுதுங்கள். நான்கு வாரத்தில் எடையும் மலமும் மாறவில்லை என்றால், அந்த டப்பாவோடு திரும்பிப் போய் "இது இன்னும் எதுக்கு?" என்று கேட்கலாம். என்சைம் பவுடரை மட்டும் அப்படிச் சொந்தமாக நிறுத்திவிடாதீர்கள்.